மேளத்தைக் கேட்காத விமர்சனம்: ஸ்கா இசைத்தட்டும் வடசென்னைக் கானாவும்

தெருவில் பிறந்த ஆட்டப் பாட்டு இசைத்தட்டாக வெளிவரும்போது அதை எதைக் கொண்டு மதிப்பிடுவது? பிறந்த இடத்தில் அது செய்துவந்த வேலையை வைத்தா, ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்குக் கிடைத்த நேர்த்தியை வைத்தா, அது பேசும் அரசியலை வைத்தா? ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுக நகரத்தில் 1960களில் இந்தக் கேள்வி எழுந்தது. 1979இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் மறுபடி எழுந்தது. ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வழியாக அத்திப்பட்டு வரை நீளும் துறைமுக, ஆலை வட்டாரத்தின் கானாவை முன்வைத்துத் தமிழில் கடந்த முப்பது ஆண்டுகளாக இதே கேள்வி பல வடிவங்களில் பேசப்படுகிறது. விடைகள் நிறைய உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சொற்களை மட்டும் கேட்டுவிட்டு மேளத்தை விட்டுவிட்டவை என்பதே இக்கட்டுரையின் முக்கியமான வருத்தம்.

கிங்ஸ்டனும் கவன்ட்ரியும்

ஸ்கா 1950களின் இறுதியில் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் உருவானது. தெருமுனையில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு போட்டு ஆடவைக்கும் ‘சவுண்ட் சிஸ்டம்’ காரர்கள்தான் அதன் முதல் புரவலர்கள். காக்சோன் டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் அமெரிக்கத் தட்டுகளை ஒலிபரப்புவதில் தொடங்கி, பிறகு உள்ளூர்க் கலைஞர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்யலானார்கள். தாளத்தின் வலுவான அடிகளை விட்டுவிட்டு இடைப்பட்ட அடிகளில் கிதாரும் பியானோவும் வெட்டி வெட்டி விழுவதுதான் இந்த இசையின் அடையாளம். 1964இல் உருவாகி அடுத்த ஆண்டே கலைந்த ஸ்கட்டலைட்ஸ் குழுவில் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக் போன்றவர்கள் ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் ஊதுகருவி கற்றவர்கள். அவர்களுடைய படைப்புகளில் கணிசமானவை சொல்லே இல்லாத வாத்திய இசை. ஸ்காவைப் பாடல் வரிகளை வைத்து மட்டும் படிக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு சான்றே போதும்.

அந்த 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்கு ஜமைக்கா தன் இசையை அனுப்பியபோது, பின்னணி வாசிக்கும் பொறுப்பு பைரன் லீயின் டிராகனேர்ஸ் குழுவிடம் போயிற்று. அது நடுத்தர, மேல்தட்டு மக்களின் விருந்துகளில் வாசித்துப் பழகிய குழு. தெருவில் அந்த இசையை உருவாக்கிய ஸ்கட்டலைட்ஸ் காரர்கள் ஊரிலேயே இருந்தார்கள். சேரியில் விளைந்த இசையை நாட்டின் முகமாகக் காட்ட வேண்டிய நாள் வந்ததும், அதைச் ‘சுத்தப்படுத்தி’க் காட்டினார்கள் என்ற விமர்சனம் அன்றிலிருந்து இன்றுவரை ஜமைக்க இசை வரலாற்றில் தொடர்கிறது.

இரண்டாவது அலை இங்கிலாந்தின் மோட்டார் நகரமான கவன்ட்ரியில் எழுந்தது. ஜெர்ரி டாமர்ஸ் 1979இல் தொடங்கிய ‘டூ டோன்’ நிறுவனமும், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த ‘தி ஸ்பெஷல்ஸ்’ குழுவும் அதன் மையம். எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்த அவர்களுடைய முதல் இசைத்தட்டு அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போயிற்று. அதன் மீதான மதிப்பீடுகள் பல திசைகளில் சென்றன. வேலையில்லாத நகரத்து இளைஞனின் குரலை உள்ளபடி பதிவு செய்தது என்றார்கள் ஒரு சாரார். பழைய ஜமைக்கப் பாட்டுகளை எடுத்துப் பாடிய ஏக்கப் பதிவு என்றார்கள் வேறு சிலர். மேடையில் கேட்ட கொதிப்பு தட்டில் வறண்டுபோய்விட்டது என்று தயாரிப்பைக் குறைசொன்னவர்களும் இருந்தார்கள். சில பாட்டுகள் பெண்களைப் பற்றிப் பேசிய விதம் பிற்காலத்தில் கடுமையான கண்டனத்துக்கு ஆளானது. 1967இல் டாண்டி லிவிங்ஸ்டன் பாடிய பாட்டை மறுபடி பதிவு செய்தபோது, மூலப்பதிவில் டிராம்போன் வாசித்த ரிக்கோ ராட்ரிக்ஸையே அழைத்து வாசிக்க வைத்தார்கள். இந்தச் செயல் ‘வெறும் நகல்’ என்ற குற்றச்சாட்டை ஓரளவு மழுங்கச் செய்கிறது. டிக் ஹெப்டிஜ் 1987இல் வெளியிட்ட ‘கட் அண்ட் மிக்ஸ்’ நூல், கரீபிய இசையில் முன்பிருந்ததை வெட்டி ஒட்டிப் புதிதாக்குவதே மரபு என்று வாதிட்டு, நகலா அசலா என்ற கேள்வியின் அடித்தளத்தையே தளர்த்தியது.

கவன்ட்ரியில் ஸ்பெஷல்ஸை உருவாக்கிய சூழலுக்கு வடசென்னையில் நெருங்கிய உறவு உண்டு. என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் 1950களின் நடுப்பகுதியில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கியது. அசோக் லேலண்டின் தாய் ஆலை எண்ணூரில். அனல்மின் நிலையம் அத்திப்பட்டில். துறைமுகமும் தொழிற்சாலையும் தந்த வேலை, அந்த வேலை சுருங்கியபோது வந்த வெறுமை, பல ஊர்க்காரர்கள் ஒரே சந்தில் வாழ நேர்ந்ததில் கலந்த பேச்சும் பாட்டும் இரு இடங்களிலும் உண்டு. சமூக அமைப்பு வேறு. இங்கே சாதியும் அங்கே இனமும் ஒன்றாகிவிடாது. ஆனால் இசையை எதிர்கொண்ட விமர்சகர்களின் தடுமாற்றம் வியக்கும்படி ஒத்திருக்கிறது.

இந்தியாவில் ஸ்கா என்ற பெயரையே தாங்கி வந்த குழு தில்லியின் ‘ஸ்கா வெஞ்சர்ஸ்’. அவர்களுடைய முதல் இசைத்தட்டு 2012இல் வந்தது. அரசியல் கூர்மை மிக்க குழு அது. என்றாலும், ஆங்கிலம் அறிந்த மன்றங்களில் ஒலித்த அந்த இசையைவிட, ஸ்கா கிங்ஸ்டனில் செய்த வேலைக்கு நெருக்கமானதைத் தேடினால் கானாவிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கானாவின் பிறப்பு பற்றி

கானா எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சித்தர் பாடல்களோடும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடசென்னையில் வாழ்ந்து தண்டையார்பேட்டையில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களோடும் அதை இணைப்பது பாடகர்களிடையே பரவலாக உள்ள மரபு. நிலையாமை, உடலின் அழிவு, குருவைத் தேடல் ஆகிய பொருள்கள் இரண்டிலும் வருவதால் இந்த இணைப்புக்கு வலு உண்டு. ஆனால் பாடுமுறை கைமாறிய வழியைக் காட்டும் எழுத்துச் சான்று போதாது. சாவு வீட்டில் இரவெல்லாம் பிணத்தருகே விழித்திருப்போர் பாடியதே வேர், பறையும் ஒப்பாரியும் சேர்ந்த தலித் வழக்கம் அது என்பது இன்னொரு விளக்கம். மரண கானா இன்றும் உயிரோடு இருப்பதால் இதை மறுப்பது கடினம். துறைமுகத்துக்கு வேலை தேடி வந்த தெலுங்கர், உருது பேசுவோர், வடஇந்தியர் கொண்டுவந்த மெட்டுகளின் கலவை என்று மூன்றாவதாக ஒரு கருத்து நிலவுகிறது. டோலக்கும் புல்புல் தாராவும் பழைய கானாவில் இடம்பெற்றது இதற்குத் துணை நிற்கிறது.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இருப்பதாகத் தோன்றவில்லை. துறைமுகத்து இசைக்கு ஒற்றை ஊற்று தேடுவதே தவறான தொடக்கமாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது அதன் புழங்கிடம். சாவு வீடு, கருமாதி இரவு, படத்திறப்பு, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல், கல்யாண ஊர்வலம் என்று எல்லாவற்றிலும் கானா உண்டு. கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு வழியே கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில்களில் கல்லூரி மாணவர்கள் பெட்டியின் தகட்டைத் தட்டிப் பாடுவதும் கானாதான். அந்த ‘ரூட்’டுப் பாட்டு சில நேரம் கைகலப்பில் முடிந்து காவல் துறை தலையிட்டதால், செய்தித்தாள்களில் அது குற்றச் செய்தியாக மட்டும் பதிவானது. தாளக்கருவியே இல்லாமல் ஒரு பெட்டி முழுக்க ஒரே நடையில் தட்டும் அந்தக் கூட்டு வாசிப்பை யாரும் இசையாக எடுத்து எழுதவில்லை.

‘இது இசையே அல்ல’

கானா மீதான மிகப் பழைய நிலைப்பாடு இதுதான். 1928இல் மியூசிக் அகாடமி உருவானதும், அதையொட்டிச் செவ்விசைக்கு ஒரு தூய வடிவம் வகுக்கப்பட்டதும் விரிவாக ஆராயப்பட்ட செய்திகள். அமண்டா வைட்மன் 2006இல் எழுதிய நூல், குரலின் தூய்மை என்ற கருத்தே காலனிய காலத்தில் கட்டப்பட்டது என்று காட்டுகிறது. அந்தத் தூய்மைக்கு வெளியே நின்றது கானா மட்டும் அல்ல, பறையும் சட்டி மேளமும் கூடத்தான்.

1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்ட இயக்கம், மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று கேட்டது. அது நியாயமான போராட்டம். ஆனால் அது கேட்ட தமிழுக்குள் மெட்ராஸ் பாஷைக்கு இடம் இருக்கவில்லை. தேவாரமும் கீர்த்தனையும் மீட்கப்பட்டபோது, சங்கம் இருந்த அதே நகரத்தின் வடக்கே பாடப்பட்டதை யாரும் தமிழிசை என்று எண்ணவில்லை. இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வெளிப்படையானது: எது இசை என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்காததை விலக்குகிறது. இன்று இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் கானா தட்டு ஒன்று வந்தால் இசை விமர்சகரிடம் கொடுக்காமல் சமூகப் பகுதிக்கு எழுதுபவரிடம் கொடுக்கும் பத்திரிகை வழக்கத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சினிமா திறந்த வழி

ஜே.பி. சந்திரபாபு 1950களிலேயே மெட்ராஸ் பேச்சைத் திரைப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். கானாவைத் தமிழகம் முழுக்கக் கேட்கவைத்தவர் தேவா. 1990களில் அவர் இசையமைத்தும் தானே பாடியும் பரப்பிய பாட்டுகளால் ‘கானா’ என்ற சொல்லே பலருக்கு அறிமுகமானது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன், 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா, பிறகு மரண கானா விஜி என்று பாடகர்களே தங்கள் பெயரோடு திரைக்கு வந்தார்கள். ‘அட்டகத்தி’யின் இசைத்தொகுப்பு சந்தோஷ் நாராயணனின் முதல் படைப்பு, 2018இல் ‘வட சென்னை’ வரை அந்தத் தடம் நீண்டது.

சினிமா கானாவைக் காப்பாற்றியது என்பவர்களும், கெடுத்தது என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் ஓரளவே சரி. திரைப்பாட்டு நான்கைந்து நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். கானாவோ தாளமில்லாத நீண்ட தொகையறாவில் தொடங்கி, கேட்போரின் முகம் பார்த்து நீட்டியும் சுருக்கியும், பிறகு மேளத்துக்குள் இறங்குவது. அந்த இறக்கத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. திரையில் அது பெரும்பாலும் காணாமல் போனது. அழுகையும் தத்துவமும் குறைந்து, குடியும் காதல் தோல்வியும் கேலியும் கானாவின் பொருளாகச் சுருங்கின. பெண்களைச் சிறுமைப்படுத்தும் வரிகள் பெருகியதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அது சினிமா கொண்டுவந்த நோயா, கானாவுக்குள் முன்பே இருந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் கலந்தது என்றே தோன்றுகிறது.

மேடை ஏறிய அரசியல்

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதியற்ற’ அடையாளத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. கானா பாடகர்கள், அறிவு போன்ற ராப் பாடகர்கள், ராக் கிதார், டிரம்ஸ், அவற்றோடு பறை, சட்டி, கட்ட மோளம் என எல்லாம் ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழி மரணம், சாதி ஆணவக் கொலை ஆகியவை பாட்டுப் பொருள்களாயின. ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி, ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த கானா மேடையில் பெண் குரலாக நின்றார், 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இந்தக் குழுவின் மீதான பார்வைகளைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். நம் கேள்விக்கான எல்லா விடைகளும் இங்கேதான் ஒன்றோடொன்று மோதுகின்றன.

முதல் பார்வை கொண்டாட்டம். ஒதுக்கப்பட்டவர்களின் இசை தன் அரசியலைத் தானே அறிவித்தது என்பது அதன் சாரம். ஆங்கில ஊடகங்கள் பெரும்பாலும் இந்த வழியில் சென்று, கறுப்பின எதிர்ப்பு இசையோடு ஒப்பிட்டன. பாராட்டுக்குரிய நிகழ்வைப் பாராட்டியதில் குறையில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளைப் படித்தால் பாட்டு எதைப் பற்றியது என்று தெரியும், எப்படி ஒலித்தது என்று தெரியாது.

இரண்டாவது, கானாவுக்குள்ளிருந்தே வரும் தயக்கம். கானா எப்போதும் போராட்டப் பாட்டாக மட்டும் இருந்ததில்லை. செத்துப்போன நண்பனுக்கும், விட்டுப்போன மகனுக்கும், கடலில் திரும்பாதவனுக்கும் பாடியது அது. துக்கத்தைப் பாடியவனை முழக்கம் மட்டும் பாடச் சொன்னால், வெளியாருக்கு எளிதில் புரிகிற கானா மட்டுமே மிஞ்சும் என்பது இந்தத் தயக்கத்தின் உள்ளடக்கம். இதை எளிதில் தள்ள முடியாது. எனினும் துக்கமும் அரசியலும் இந்த வட்டாரத்தில் தனித்தனியாக வாழ்வதில்லை. மலக்குழியில் இறந்தவனுக்குப் பாடும் ஒப்பாரி இரண்டுமாக இருக்கிறது.

மூன்றாவது ஒலி பற்றியது. ஸ்பெஷல்ஸின் தட்டு பற்றி அன்று எழுந்த அதே குறை. ராக் கிதாரும் டிரம்ஸும் சேர்ந்து அடர்த்தி கூட்டும்போது சட்டியின் கூர்மையான ஓசையும் கட்ட மோளத்தின் அடித்தொனியும் பின்னால் தள்ளப்படுகின்றனவா? டப்பாங்குத்தின் திஸ்ர நடையை நாலு எண்ணிக்கை ராக் அடியோடு பொருத்தும்போது எது எதற்கு வழிவிடுகிறது? மேடையில் தோல்கருவிகளே ஆட்சி செய்கின்றன. ஒலிப்பதிவில் எல்லாப் பாட்டிலும் அந்தச் சமநிலை நிற்கவில்லை. இது குழுவின் தோல்வி என்பதைவிட, நம் ஒலிப்பதிவுக் கூடங்கள் சட்டி மேளத்தைப் பதிவு செய்து பழகாததன் விளைவு என்பதே பொருத்தம். பறை பற்றி ஜோயி ஷெரினியன் போன்றோர் ஆய்வும் ஆவணப்படமும் செய்திருக்கிறார்கள். சட்டிக்கும் கட்ட மோளத்துக்கும் அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

திரைத் துறையின் செல்வாக்கு உள்ள ஒருவரின் ஆதரவில் நிற்கும் குழு தன்னிச்சையானதா என்ற நான்காவது கேள்வி எனக்கு வலுவற்றதாகப் படுகிறது. சபா இசைக்கும் புரவலர் இருந்தார்கள்; கிங்ஸ்டனில் காக்சோன் டாட் போன்றவர்கள் இல்லாமல் ஸ்கா பதிவே இல்லை. ஆதரவின் வழி என்ன விளைந்தது என்பதே பார்க்க வேண்டியது. நீலம் 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா, சபா இசைக்கே உரியதாகக் கருதப்பட்ட மாதத்தில் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை தந்தது. அந்த விளைவு கணிசமானது.

எண்ணூரைப் பாடுவது யார்

2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ இந்த விவாதத்தை மறுபுறத்திலிருந்து தொடுகிறது. கபேர் வாசுகி மெட்ராஸ் வழக்கில் எழுதிய வரிகளை டி.எம். கிருஷ்ணா கர்நாடக இராகமாலிகையாகப் பாடினார். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் செய்த அழிவு அதன் பொருள். காட்சியும் அங்கேயே எடுக்கப்பட்டது. அந்த மாத இறுதியிலேயே காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது.

செவ்விசை தன் மேட்டிமையிலிருந்து இறங்கி வந்தது என்று வரவேற்றவர்கள் உண்டு. எண்ணூரின் துன்பத்தை உலகம் கேட்க அந்த வட்டாரத்தின் பாடகர் போதவில்லையா, சபாவில் புகழ்பெற்ற குரல்தான் தேவைப்பட்டதா என்று கேட்டவர்களும் உண்டு. கொசஸ்தலையாற்றின் சீரழிவு அன்று தமிழகத்தின் நடுத்தர வர்க்கத்தை எட்டியதில் அந்தப் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுப்பது நேர்மையாகாது. இரண்டாவது கேள்வியும் அதனால் கரைந்துவிடவில்லை. நியூயார்க் பொருட்காட்சிக்கு யாரை அனுப்பினார்கள் என்ற கேள்வியின் தொடர்ச்சிதான் அது.

பெயரும் பங்கும்

2021 மார்ச்சில் வெளியான, அறிவு பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அறிவின் படம் இல்லாததும், 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டதும் ஆக்கியவர் யார் என்ற கடும் விவாதத்தைக் கிளப்பின. அப்பாட்டிலிருந்து தனக்கு வருமானம் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024இல் பொதுவெளியில் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை ஒப்பந்தங்களைப் பார்க்காமல் முடிவு செய்ய இயலாது. ஆனால் ஒன்று தெளிவு. வாய்மொழி மரபில் பொதுச்சொத்தாக இருந்த மெட்டும் சொல்லும் பதிவாகும் நொடியில் யாரோ ஒருவரின் உடைமையாகின்றன. ஜமைக்காவிலும் பாடகருக்கு ஒருமுறைக் கூலி தந்து உரிமையைத் தயாரிப்பாளர் வைத்துக்கொண்ட வழக்கம் நீண்ட காலம் இருந்தது.

தீராதவை

இத்தனை நிலைப்பாடுகளையும் வைத்துப் பார்க்கும்போது, தூய்மை வாதம் ஆதாரமற்றது என்பது தெளிவாகிவிட்டது. அசல்தன்மை வாதமும் முழுதாக நிற்கவில்லை. கலப்பிலேயே பிறந்த இசையிடம் கலக்காதே என்று கேட்பதற்கு அடிப்படை இல்லை. அரசியலை மட்டும் கொண்டு மதிப்பிடும் வழி நல்லெண்ணம் கொண்டது, ஆனால் அரைகுறையானது. ஒரு பாட்டு நியாயமானதைச் சொல்கிறது என்பதால் அது நன்றாக ஒலிக்கிறது என்றாகாது. நன்றாக ஒலிப்பதைச் சொல்லாமல் விட்டால் வாசித்தவருக்குச் செய்யும் அநீதி அது.

கானா ஒரு முழு இசைத்தட்டாக, தொகையறாவின் நீளத்தோடும் மேளத்தின் இறக்கத்தோடும் பதிவாக முடியுமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. பாட்டுகள் தனித்தனியாக யூடியூபில் வந்து போகும் காலத்தில் அப்படி ஒரு தட்டுக்குக் கேட்பவர் இருப்பாரா என்பதும் தெரியாத ஒன்று. கானாவில் பெண் குரல் விதிவிலக்காகவே நிற்குமா, அதன் சொற்களஞ்சியத்தையே மாற்றுமா என்பதற்கு விடை வர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். அத்திப்பட்டிலும் காசிமேட்டிலும் இந்தப் பதிவுகளைக் கேட்கும் மக்கள் அவற்றை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது எழுத்தில் வரவே இல்லை.

தமிழ்ப் பத்திரிகைகள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை ஒரு கானாப் பதிவுக்கு மதிப்புரை வெளியிடும்போது, வரிகளை விளக்குவதோடு நிறுத்தாமல், சட்டி அடித்தவர் யார், கட்ட மோளம் வாசித்தவர் யார், நடை எங்கே மாறுகிறது, பதிவில் எந்த ஓசை அமுங்கிப்போனது என்பதையும் கேட்டு எழுதச் செய்யுங்கள். வாசித்தவர்களின் பெயரைப் போடுங்கள்.